மூன்று ரிங்

பொறுமை என்பது அன்ரனிட்டாவின் பரம்பரையிலேயே ஒருவருக்கும் வாய்க்காத சாமான். அப்படிப்பட்டவளைப் பிடித்து, ஊர்காவற்றுறைக்கு மேற்கே ஒரு சின்னக் கரையில் கடற்றொழிலாளர் சங்கத்துக்குக் கணக்கெழுதும் கிளாக்காக்கி, கணினியில் கொழுவிய ஒரு மோடத்துக்கு முன்னால் காத்திருக்க விட்டால் என்ன நடக்கும்? கதிரையில் இருப்பாள், எழும்புவாள், வாசலுக்குப் போய்க் கடலைப் பார்ப்பாள், ஓடிவந்து கணினித் திரையைப் பார்ப்பாள். திரையில் ஒன்றும் இராது. "விழுந்து துலையன்!" என்று அதைப் பேசுவாள்.

அன்று பின்னேரம் நாலரைக்கு யாழ்ப்பாணத்துக் கடற்றொழில் கந்தோரிலிருந்து செய்தி வந்திருந்தது. காற்று மாறப் போகிறதாம், கடலில் நிற்பவர்களை இருட்டுக்கு முன் கூப்பிட்டுவிட வேண்டுமாம். பதினொரு படகுகள் வலை விடப் போயிருந்தன. அதில் ஒன்றில் அவளுடைய புருஷன் கிளின்ரன் நின்றான்.

அந்தக் கரையில் கடலுக்குப் போகிறவன் போனை எடுத்துக் கதைப்பதில்லை. கை ஈரம். போன் பொலித்தீன் பைக்குள் கிடக்கும், பை சோற்றுக் கானுக்குள் கிடக்கும். அதனால் ரிங்கை எண்ணுவதுதான் வழக்கம். ஒரு ரிங்கோடு நின்றால் வீட்டில் எல்லாரும் சுகம். இரண்டு என்றால் கறிக்கு மீன் வேண்டும். மூன்று என்றால் ஒன்றையும் யோசியாமல் வலையை விட்டுவிட்டு ஓடி வா. மூன்று கேட்டவன், கேட்டுவிட்டது என்பதற்குத் திருப்பி ஒன்று அடிக்க வேண்டும். சுகம் என்ற ஒற்றை ரிங் கேட்டவனுக்கு அந்த வேலையும் இல்லை. சிலபேர் பற்றறியை மிச்சம் பிடிக்கப் போனையே நிற்பாட்டிவிட்டு ஆறுதலாகத் தொழிலைப் பார்ப்பார்கள்.

போன மாதம் வரைக்கும் அன்ரனிட்டா கையால்தான் அடித்தாள். ஒவ்வொருவருக்கும் மூன்றை எண்ணிக் கட் பண்ணுவதற்குள், எவனாவது வீம்புக்கு எடுத்து, "என்ன பிள்ளை, உண்மையாக் காத்து வருதோ?" என்று விண்ணாணம் கதைப்பான். சங்கத்துக் காசு கரையும், நேரமும் கரையும். அவளுக்கு விசர் வரும். அதனால்தான் சிம் போடுகிற சின்ன மோடம் ஒன்றை வாங்கிக் கணினியில் கொழுவினாள். ATD என்று எழுதி, பின்னால் நம்பரை எழுதி, ஓர் அரைப்புள்ளி போட்டால் அது அடிக்கும். ATH என்றால் வைத்துவிடும். அடி, இருபது செக்கன் பொறு, வை, அடுத்தவனுக்கு அடி என்று அங்கத்தவர் பன்னிரண்டு பேருக்கும் வரிசையாக எழுதிக் கொடுத்தாள். கரையில் வைத்து ஆறு நாள் சோதித்தாள். ஒவ்வொரு தரமும் வடிவாக மூன்று ரிங். சங்கக் கூட்டத்தில் கைதட்டினார்கள். அவளுக்குத் தலைகால் தெரியவில்லை.

இப்போது அந்த மோடம் ஒன்பதாவது ஆளுக்கு அடித்துக்கொண்டிருந்தது. யாராவது திருப்பி அடித்தால் திரையில் RING என்று விழ வேண்டும். ஒன்றுகூட விழவில்லை. மத்தியானத்திலிருந்து கரண்ட் இல்லை. கணினி பற்றறியில் ஓடியது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பத்தாவது ஆள். பதினோராவது ஆள். அவள் மேசையில் விரலால் தட்டினாள், பிறகு கையால் தட்டினாள்.

எஞ்சின் பழுதாகி அன்று கடலுக்குப் போகாத மரியநாயகம் உள்ளே வந்தார்.

"என்ன பிள்ளை, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"ஒருத்தரும் திருப்பி அடிக்கினமில்லை அண்ணை. ஒருத்தரும்! பதினொரு பேருக்கும் காது அடைச்சுப் போச்சோ?"

அவருடைய சட்டைப்பைக்குள் போன் ஒருமுறை அடித்து நின்றது. அவர் அதைத் தொடக்கூட இல்லை.

"வீட்டில மனிசி. சுகமாம்" என்றார்.

அன்ரனிட்டா திரையைப் பார்த்தாள். பன்னிரண்டாவது நம்பருக்கு அடித்து, அப்போதுதான் ATH விழுந்திருந்தது. பன்னிரண்டாவது நம்பர் மரியநாயகத்தின் நம்பர்.

"அண்ணை, எத்தினை ரிங் கேட்டது?"

"ஒண்டு."

"வடிவாச் சொல்லுங்கோ!"

"ஒண்டெண்டால் ஒண்டுதான். எனக்கு எண்ணத் தெரியாதெண்டே நினைக்கிறீர்?"

அவள் எழுதி வைத்த வரிகளைத் திரும்பப் பார்த்தாள். இருபது செக்கனை அவள் எண்ண வைத்தது கட்டளை போன நேரத்திலிருந்து. போன் அடிக்கத் தொடங்கிய நேரத்திலிருந்து அல்ல. சோதித்த நாட்களில் அடித்த கையோடு ரிங் கேட்டது. இன்று கரண்ட் இல்லாமல் சிக்னல் கொடுக்கிற ரவர் அரை உயிரில் நிற்க, போனைத் தேடிப் பிடிக்கவே பதினைந்து செக்கன் போய்விட்டது. மிச்ச நேரத்துக்கு ஒரேயொரு ரிங்.

"ஐயோ மாதாவே! காத்து வருகுது, நான் எல்லாருக்கும் சுகம் சொல்லிப்போட்டன்!"

எழுதி வைத்த வரிசையைத் தூக்கி எறிந்துவிட்டு, அவளே ஒவ்வொன்றாக அடித்தாள். ATD, நம்பர், அரைப்புள்ளி. இந்த முறை இருபது இல்லை, நாற்பது செக்கன். எவனாவது எடுத்துக் கதைத்தால் கதைக்கட்டும், காசு போனால் போகட்டும். முதலாவது ஆளுக்கு வைத்தவுடன் திரையில் RING விழுந்தது. அவள் சத்தமாக அழுதேவிட்டாள். பிறகு இன்னொன்று, இன்னொன்று. கிளின்ரனும் திருப்பி அடித்தான். எட்டுப் பேர். மற்ற மூன்று நம்பருக்கும் தொடர்பு கிடைக்காமல் NO CARRIER என்று மட்டும் வந்தது. திரும்ப அடித்தாள். NO CARRIER. திரும்பவும் அதுதான்.

"போனை நிப்பாட்டிப்போட்டினம்" என்றார் மரியநாயகம். "இராயப்பு அண்ணையும் அவரோட போற ரெண்டு போட்டும். எழுவைதீவுக்கும் அங்கால நிப்பினம்."

"அவையளுக்குக் கிட்ட ஆர்?"

மரியநாயகம் கடலைப் பார்த்தார். அவளுக்கே தெரியும். அந்தப் பக்கம் போனவன் கிளின்ரன் ஒருவன்தான்.

மோடத்தை விட்டுவிட்டுத் தன் போனை எடுத்தாள். அவன் எடுக்கும்வரை விடாமல் அடித்தாள்.

"திரும்பிட்டன், திரும்பிட்டன்! ஏன் விடாமல் அடிக்கிறாய்?" எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்தினான். "அரை மணித்தியாலத்தில வந்திடுவன்."

"வராதேங்கோ."

"என்ன?"

"இராயப்பு மாமாவும் மற்ற ரெண்டு போட்டும் மேற்கால நிக்குது. போன் வேலை செய்யேல்லை. பிழை என்ரதான். நான்தான் அவையளுக்குச் சுகமெண்டு அடிச்சுப்போட்டன். நீங்கள் போய்ச் சொல்லுங்கோ."

அவன் எஞ்சின் வேகத்தைக் குறைப்பது கேட்டது.

"காத்துத் துடங்கிட்டுது, அன்ரா."

"தெரியும். எனக்குத் தெரியும். போங்கோ!"

"சரி, வை" என்றான்.

ஏழு படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. கரை முழுக்கச் சனம். கிளின்ரன் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் ஒளிக்காமல் சொன்னாள்: நான்தான் பிழை விட்டனான், நான்தான் அனுப்பினனான். ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் திருப்பி ஏசியாவது மனதை ஆற்றியிருப்பாள். காற்று கூரைத் தகரத்தைப் பிடித்து ஆட்டியது. அவள் கணினிக்கு ஓடினாள், கிளின்ரனின் நம்பரை அடித்தாள், NO CARRIER என்று வந்தது, கரைக்கு ஓடினாள். அலை முழங்கால்வரை அடிக்க, அவள் தண்ணீருக்குள் நின்றதே அவளுக்குத் தெரியவில்லை. என்னைப் போல ஒரு பாவி உண்டா, கட்டினவனை நானே தள்ளிவிட்டேனே என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

மேற்கே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும்போதே மரியநாயகம் கத்தினார்.

"நாலு! நாலும் வருகுது!"

கிளின்ரனின் படகு முன்னுக்கு வந்தது. எஞ்சின் நின்றுபோன இராயப்புவின் படகைப் பின்னால் கயிறு கட்டி இழுத்துவந்தது. மற்ற இரண்டும் பக்கத்தில் வந்தன. கிளின்ரன் குதித்து இறங்கி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படகைக் கரைக்கு இழுக்கப் போனான். அவள் அவனுடைய ஈரச் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள், விடவில்லை. அவன் அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டே கயிற்றை இழுத்தான்.

இராயப்பு நனைந்த கோழி மாதிரி நடுங்கிக்கொண்டு இறங்கினார். மனிசி செத்து நாலு வருடம், பெடியள் பிரான்சில், வீட்டில் தனிக்கட்டை. வந்தவர் நேரே அன்ரனிட்டாவிடம் வந்தார்.

"பிள்ளை, உம்மட மிசினில ஒருக்காப் பாரும். இண்டைக்கு எனக்கு ஆரோ சுகம் அடிச்சவை. ஆரெண்டு தெரியுமோ?"

அவள் பிடித்திருந்த சட்டையை விட்டாள்.

"நாலு வரியத்துக்குப் பிறகு அடிச்சிருக்கு. அந்தச் சந்தோசத்தில போனை நிப்பாட்டிப்போட்டு, இருந்து பாட்டும் படிச்சனான்."

"அது நான்தான் மாமா" என்று அவள் குமுறி அழுதாள். "மூண்டு அடிக்க வேண்டியது, பிழையா ஒண்டு அடிச்சிட்டுது. அதால உங்கட உயிர் போயிருக்கும்!"

கிழவர் தாடியைத் தடவி யோசித்தார்.

"பிழையெண்டாலும் எனக்குத்தானே அடிச்சது" என்றார். "நாளைக்கும் ஒண்டு அடியும்."

"நாளைக்கு ஆராவது கடலுக்குப் போனால் காலை முறிப்பன்!" என்று அவள் அழுகைக்குள்ளாலேயே கத்தினாள்.

"சரி, அப்ப நாளையிண்டைக்கு அடியும்" என்றார் இராயப்பு.