நிறுத்தச் சொல்லி வந்த அழைப்பு

அந்த மருத்துவமனையின் இதயப் பிரிவில் ‘பீட்டா பிளாக்கர்’ என்று சொன்னாலே முகங்கள் மாறிய காலம் ஒன்று இருந்தது. ரத்த அழுத்தத்துக்கு எழுதலாம், நெஞ்சுவலிக்கு எழுதலாம். ஆனால் தசை தளர்ந்து, ரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறும் இதயத்துக்கு அதைத் தரவே கூடாது என்று பாடநூலில் தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மருந்து அது. ஏற்கெனவே தள்ளாடுகிற இதயத்தை இன்னும் மெதுவாக்கினால் நின்றே போய்விடாதா என்பதுதான் எல்லோருடைய பயமும்.

அந்தப் பயத்தை ஏற்காதவர் பிரிவில் ஒரே ஒரு மருத்துவர்தான். நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்த பெண். பேச்சில் வேகம், நடையில் அதைவிட வேகம். செவிலியர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘எக்ஸ்பிரஸ்’. அது அவர் காதிலும் விழுந்திருந்தது. கோபம் வரவில்லை, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

“தளர்ந்துபோன இதயத்தை உடம்பு சும்மா விடறதில்ல சார்,” என்றார் அவர், பிரிவின் தலைவரிடம். “ஓடு ஓடுன்னு அட்ரினலினால அடிச்சுக்கிட்டே இருக்கு. அடி தாங்காமதான் அது இன்னும் கெட்டுப்போகுது. இந்த மருந்து அந்த அடியை நிறுத்தும்.”

“அடி நின்னதும் அது ஒரேயடியா படுத்துக்கிட்டா?”

“அதனாலதான் துளியூண்டுல ஆரம்பிக்கலாம்னு சொல்றேன். கொஞ்சம் கொஞ்சமா ஏத்தலாம்.”

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலை நரைத்தவர், வார்டில் எந்தப் படுக்கையில் யார் எப்படித் தூங்கினார்கள் என்பதுவரை தெரிந்து வைத்திருப்பவர். “நீ சொல்றது நியாயமாத்தான் படுது. நியாயமாப் பட்டதையெல்லாம் நம்பி மருந்து குடுத்தா ஆள் செத்துடுவாங்கம்மா,” என்றார்.

கடைசியில் கையெழுத்துப் போட்டார். பல மருத்துவமனைகள் சேர்ந்த ஆராய்ச்சி. நோயாளிகளில் பாதிப் பேருக்கு உண்மையான மாத்திரை, மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில், வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. வெளியிலிருந்து ஒரு கண்காணிப்புக் குழு மட்டும் நடுநடுவே கணக்கைத் திறந்து பார்க்கும். ஏதாவது விபரீதம் தெரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். தலைவர் அழுத்தி வைத்த நிபந்தனை அது.

முதலில் சேர்ந்தவர்களில் ஒருவர் லிஃப்ட் மெக்கானிக். ஐம்பது வயதைத் தாண்டியவர், பெரிய உருவம், எதற்கும் ஒரு நக்கல். காலெல்லாம் நீர் கோத்து வீங்கியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்குவார்.

“ஊருல இருக்கிறவங்களையெல்லாம் மேல ஏத்தி விட்டேன் டாக்டரம்மா. என் வீடு மூணாவது மாடி. அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் இல்ல,” என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். பாதிச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

அவர் மனைவி பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவர். சிரிக்கவில்லை. ஆராய்ச்சியைப் பற்றி எக்ஸ்பிரஸ் விளக்கியதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாரைக் கேக்கறது?”

“என்னைக் கேளுங்க.”

அந்த அம்மா அதை மறக்கவில்லை. மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் மெக்கானிக்கின் நிலைமை மோசமானது. வீக்கம் முழங்கால்வரை ஏறியது. குளியலறைக்குப் போய் வருவதே பெரும்பாடானது. மனைவி மாத்திரைப் புட்டியோடு நேராக வார்டுக்குள் வந்து, ஊசி போட்டுக்கொண்டிருந்த எக்ஸ்பிரஸின் முன்னால் அதை வைத்தார்.

“யாரைக் கேக்கறதுன்னு கேட்டேன், உங்களைக் கேக்கச் சொன்னீங்க. கேக்க வந்திருக்கேன். நல்லா இருந்த மனுஷன். இந்தச் சனியனை முழுங்கினதுலேருந்து இப்படி ஆயிட்டாரு.”

நல்லா இருந்த மனுஷன் இல்லைதான். அதைச் சொல்ல எக்ஸ்பிரஸுக்கு மனம் வரவில்லை. அவருக்கே சந்தேகம் வந்தது. ஒருவேளை தலைவர் பயந்ததுதான் நடக்கிறதோ? மெக்கானிக்கை அன்றே வார்டில் சேர்த்து, நீர் பிரியும் மருந்தைக் கூட்டினார். வீக்கம் மெல்ல வடிந்தது. ஆராய்ச்சி மாத்திரையை என்ன செய்வது என்று அவரிடமே கேட்டார்.

“வேணாம்னா இப்பவே நிறுத்திடலாம். நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.”

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். பிறகு, “பாதியில விட்ட வேலையை யார் வந்து முடிப்பாங்க? இருக்கட்டும் டாக்டரம்மா,” என்றார். மனைவி அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

அதற்குப் பின் ஓராண்டுக்கும் மேல் அவர் வண்டி ஓடியது, இழுத்துப் பிடித்து. தேறவும் இல்லை, மோசமாகவும் இல்லை.

ஒரு நாள் காலை வார்டுச் சுற்று நடந்துகொண்டிருந்தபோது அலுவலக எழுத்தர் ஓடி வந்தார். “கண்காணிப்புக் குழுலேருந்து போன் பண்ணாங்க. ஆராய்ச்சியை இன்னியோட நிறுத்தச் சொல்லிட்டாங்க. காரணத்தை மத்தியானம் ஆள் நேர்ல வந்து சொல்வாங்களாம்.”

எக்ஸ்பிரஸின் கையிலிருந்த ஸ்டெதஸ்கோப் நோயாளியின் மார்பிலேயே நின்றது. நிறுத்தச் சொல்கிறார்கள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் அவருக்குத் தெரிந்தது. ஆட்கள் செத்திருக்கிறார்கள். தன்னுடைய மாத்திரையால் செத்திருக்கிறார்கள். அந்த நோயாளியைப் பார்த்து முடித்தார், அடுத்தவரையும் பார்த்தார். பிறகு தலைவரின் அறைக்கு நடந்தார். முதல்முறையாக மெதுவாக.

தலைவருக்கும் செய்தி போயிருந்தது. நான் அன்றைக்கே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காரும்மா. கையெழுத்துப் போட்டது நான். பழி வந்தா ரெண்டு பேருக்கும்தான்.”

மதியச் சாப்பாட்டை இருவரும் தொடவில்லை. குழுவின் புள்ளியியல் நிபுணர் வந்தபோது அது மூடியபடியே இருந்தது. ஒல்லியான பெண், தோளில் கனத்த பை. இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்ன, இழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க? நல்ல சேதின்னுகூட போன்ல சொல்லலையா?”

“நிறுத்தச் சொன்னாங்கன்னு சொன்னாங்க,” என்றார் தலைவர்.

“ஆமா, நிறுத்தத்தான் சொன்னோம். மாவு மாத்திரை குடுக்கறதை நிறுத்தச் சொன்னோம்.” பையிலிருந்து தாள்களை எடுத்து மேசையில் பரப்பினார். “மருந்து சாப்பிட்டவங்கள்ல சாவு அவ்வளவு குறைஞ்சிருக்கு. இதைத் தெரிஞ்சுக்கிட்டே மீதிப் பேருக்கு மாவை நீட்டறது பாவம்னு குழு முடிவு பண்ணிடுச்சு. உங்க மருந்து ஜெயிச்சிடுச்சு டாக்டர்.”

எக்ஸ்பிரஸுக்குச் சட்டென்று விளங்கவில்லை. தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். மேலும் கீழும் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று தலைவருக்குத் தெரியவில்லை. அவர் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி, கண்ணாடியைக் கழற்றி, துடைக்கத் தேவையில்லாத அதைத் துடைத்தார்.

அந்த வாரம் யார் எதைச் சாப்பிட்டார்கள் என்ற விவரம் வந்தது. லிஃப்ட் மெக்கானிக் சாப்பிட்டது மாவு.

எக்ஸ்பிரஸ் இதைச் சொன்னதும் மனைவி கணவர் பக்கம் திரும்பினார். “அப்போ நான் அன்னிக்கு வந்து சண்டை போட்டது...”

“மாவோட சண்டை போட்டிருக்க,” என்றார் மெக்கானிக்.

மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. “இத்தனை நாள் இவருக்கு வெறும் மாவைக் குடுத்தீங்களா?” என்று எக்ஸ்பிரஸைக் கேட்டார்.

“ஆமாம்மா. எது நல்லதுன்னு எங்களுக்கு அப்போ தெரியாது. மாவு சாப்பிட்டவங்க இல்லன்னா இன்னிக்கும் தெரிஞ்சிருக்காது. இவர் மாதிரி ஆளுங்களாலதான் தெரிஞ்சுது.”

மனைவி கணவரின் வீங்கிய காலைப் பார்த்தார். பிறகு, “சரி. நிஜத்தைக் குடுங்க,” என்றார்.

நிஜ மாத்திரை தொடங்கிய முதல் வாரங்கள் லேசாக இல்லை. உடம்பு ஈயமாகக் கனக்கிறது, விட்டுவிடலாம் என்று மெக்கானிக்கே முனகினார். இந்தத் தடவை பிடிவாதம் மனைவியுடையது. முதல்ல அப்படித்தான் இருக்கும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க, வாயைத் திறங்க என்று பக்கத்தில் நின்று விழுங்க வைத்தார். அளவு மெல்ல மெல்ல ஏறியது. மாதங்கள் போகப் போகக் கணுக்கால் எலும்பு கண்ணுக்குத் தெரிந்தது. தலையணைகள் ஒவ்வொன்றாக அலமாரிக்குப் போயின. எக்கோ பரிசோதனையில், பலூன்போல் உப்பியிருந்த இதயம் சுருங்கி, ஓங்கித் தள்ளத் தொடங்கியிருந்தது. திரையைப் பார்த்த தலைவர், “இது அதே ஆள்தானா?” என்று கேட்டு, பெயரை மறுபடி சரிபார்க்கச் சொன்னார்.

முடிவுகளை வெளியிட்ட கூட்டத்தில் பெரிய அரங்கம் நிரம்பியிருந்தது. மருந்தைத் தொடவே பயந்த மருத்துவர்கள் எத்தனையோ பேர். ஆராய்ச்சியில் பங்கெடுத்த நோயாளிகளையும் கூப்பிட வேண்டும் என்று எக்ஸ்பிரஸ் ஒற்றைக் காலில் நின்றிருந்தார். அவர்கள் கடைசி வரிசையில் இருந்தார்கள். திரையில் இரண்டு கோடுகள் விழுந்தன. ஒரே இடத்தில் தொடங்கி, மெல்லப் பிரிந்து, போகப் போக ஒன்றைவிட்டு ஒன்று விலகின.

“மேல இருக்கிறது மருந்து சாப்பிட்டவங்க. கோடு எவ்வளவு உயரத்துல இருக்கோ, அவ்வளவு பேர் உயிரோட இருக்காங்க,” என்றார் எக்ஸ்பிரஸ். “கீழ இருக்கிறது மாவு சாப்பிட்டவங்க. கோடு இறங்கற ஒவ்வொரு இடத்துலயும் ஒருத்தர் போயிருக்கார்.” மேடையில் அந்தக் கோட்டின் மேல் வைத்த கையை எடுக்காமல் நின்றார்.

அப்போது கடைசி வரிசையில் ஒரு பெரிய உருவம் எழுந்து நின்றது.

“கீழ்க் கோட்டுல நான் இருந்தேன் டாக்டரம்மா. அது ஒண்ணும் வீணாப் போகலன்னு எல்லாருக்கும் சொல்லுங்க,” என்றார் மெக்கானிக்.

முதல் வரிசையிலிருந்த தலைவர்தான் முதலில் எழுந்தார். மேடைக்கு முதுகைக் காட்டி, கடைசி வரிசையைப் பார்த்துக் கைதட்டினார். பக்கத்திலிருந்தவர்கள் எழுந்தார்கள், பிறகு அரங்கமே எழுந்து திரும்பியது. மேடையிலிருந்து எக்ஸ்பிரஸும் கண்ணீர் வழிய வழியத் தட்டிக்கொண்டிருந்தார்.

“போதும், உக்காருங்க,” என்று மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“கொஞ்ச நேரம் நிக்கறேன் விடு. நிக்க முடியுது,” என்றார் அவர்.