செடிக்கு நன்றி சொல்லக் கூடாது

அந்தச் சனிக்கிழமை குளியல் குடிலின் வடக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் ஹெர்மினே, அவள் தங்கை மில்டா, மில்டாவின் கணவன் ஆர்னோல்ட்ஸ். வேலிக்கு வெளியே நின்றவள் ரஸ்மா. பிறகு ஊரில் இதைப் பற்றிப் பேசியவர்கள் ஒருவரும் அங்கே இல்லை.

ஹோஸ்டாச் செடியின் அகன்ற நீலப்பச்சை இலைகளை ஹெர்மினே பழைய துணியால் சேர்த்துக் கட்டியிருந்தாள். வெயில் படாத அந்தச் சுவரோரத்தில் அம்மா நட்டுவைத்தது. மகள்களுக்கு மட்டுந்தான் அதிலிருந்து பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது அம்மா விட்டுப்போன சொல். அம்மாவிடமிருந்து மற்றதை எல்லாம் அப்பா தியோடோர்ஸ் எடுத்துக்கொண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் லூசியாவின் வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அம்மா அழுததை யாரும் பார்த்ததில்லை. ஹெர்மினே அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் செத்தபோதும் போகவில்லை. அவரை லூசியாவுக்குப் பக்கத்தில் கீழ் வரிசையில் புதைத்தார்கள். அம்மா மேல் வரிசையில், பைன் மரங்களின் அடியில். கல்லறைக்குப் போகும்போதெல்லாம் கீழ் வரிசை கண்ணில் படாதிருக்க, கல்லறை மணலை வாரிக் கோடு போடும் சீப்புக்கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, ஹெர்மினே பின்வாசல் வழியாகச் சுற்றித்தான் போவாள். எழுபத்தாறு வயதிலும் அந்தச் சுற்றைக் குறைத்ததில்லை.

மில்டாவுக்கு முன்பே ஒரு துண்டு கொடுத்தாயிற்று. அதை எலி தின்றுவிட்டது என்று மில்டா சொன்னதால்தான் இப்போது இன்னொன்று.

"இது செடியா, கன்னுக்குட்டியா அக்கா?" ஆர்னோல்ட்ஸ் மூச்சு வாங்கினான். "இதைத் தின்ன எலி இந்நேரம் பூனையைத் துரத்திட்டு இருக்கும்."

மில்டா சிரிக்கவில்லை. வாளியில் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

"வாய்க்குக் குடுக்குற வேலையைக் கைக்குக் குடுங்க மாப்பிள்ளை. மண்வெட்டியை நேரா எறக்குங்க. வேர் நசுங்கக் கூடாது."

செடி வேர்மண்ணோடு வெளியே வந்தது. முளைக்கண்கள் இரண்டு பக்கமும் சமமாக இருக்கும்படி பார்த்து, ரொட்டி அறுக்கும் நீளக் கத்தியால் ஹெர்மினே நடுவில் அறுத்தாள். ஒரு பாதியை மில்டாவின் வாளியில் வைத்தாள். மில்டா ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் அசைத்தாள். செடி வாங்கினால் அப்படித்தான். நன்றி சொன்னால் வேர் பிடிக்காது.

அப்போதுதான் வேலிக்கு வெளியே குரல் கேட்டது.

"நீங்கதானே ஹெர்மினே அக்கா?"

அறுபது வயதிருக்கும், நகரத்துக் காலணி. அப்பாவின் தாடை. லூசியாவின் மகள் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நான் ரஸ்மா. கல்லறைத் திருநாளுக்கு வந்தேன், நாளைக்குக் கிளம்பறேன். உங்களைப் பாக்காம போக மனசு வரலை." அவள் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, அம்மா ரெண்டு பேருக்கும் நடுவுல நீங்க குடுத்தனுப்பின செடி எவ்வளவு பெருசா வந்திருக்கு தெரியுமா. நீங்க மன்னிச்சுட்டீங்கன்னு மில்டா அக்கா சொன்னப்ப நான் நம்பலை. ரொம்ப நன்றிக்கா."

ஆர்னோல்ட்ஸ் மண்வெட்டியின் மேல் சாய்ந்தபடி தரையைப் பார்த்தான். வாளியின் கைப்பிடி மில்டாவின் கையிலிருந்து நழுவிக் கணீரென்று விழுந்தது.

ஹெர்மினே கத்தியைத் துணியில் இரண்டு பக்கமும் துடைத்தாள். செடி போனதைக்கூட ஒருவாறு விழுங்கிவிடலாம். தான் கொடுக்காத மன்னிப்பை, தன் பெயரால், தனக்குத் தெரியாமல் மில்டா கொடுத்திருக்கிறாள். இத்தனை வருஷம் நிமிர்ந்து சுமந்ததை, கூடப் பிறந்தவள் ஒரு வாளியில் வைத்துக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறாள். அம்மாவின் செடி லூசியாவின் தலைமாட்டில். ஆனாலும் வேலிக்கு வெளியே நிற்பவள் அயலாள். அவள் முன்னால் இந்த வீட்டுப் பெண்ணைப் பொய்க்காரி ஆக்க முடியாது.

"செடிக்கு நன்றி சொல்லக் கூடாது. பட்டுப்போயிடும்," என்றாள்.

ரஸ்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, எனக்குத் தெரியாதே. நான் நகரத்து அடுக்குமாடியிலயே காலம் தள்ளினவ. சொன்னதைத் திருப்பி எடுத்துக்க வழி இருக்கா?"

"இல்லை. பத்திரமா ஊருக்குப் போங்க."

ரஸ்மா சாலைத் திருப்பத்தில் மறையும்வரை மூவரும் அசையவில்லை.

"அக்கா," என்றாள் மில்டா. "அவர் எனக்கும் அப்பா. புல்லு மண்டிக் கெடந்துச்சு. பாக்க முடியலை."

"புல்லைப் பிடுங்கியிருக்கலாம். என் பேரை எதுக்குடி நட்டே?"

ஹெர்மினே வாளியிலிருந்து பாதிச் செடியை எடுத்தாள். மறு பாதியோடு சேர்த்து அதே குழியில் இறக்கி, மண்ணைத் தள்ளி, காலால் மிதித்தாள். மிதிக்க வேண்டியதற்கு அதிகமாகவே மிதித்தாள்.

"காபி ஆறுது. குடிச்சுட்டுக் கிளம்புங்க மாப்பிள்ளை," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவர்கள் குடிக்கவில்லை.

மறுநாள் காலை அவள் கல்லறைக்கு முன்வாசல் வழியாகப் போனாள். கீழ் வரிசையில் அந்த ஹோஸ்டா, அவளுடையதைவிடக் கொழுத்து, இரண்டு பெயர்களின் மேலும் இலை விரித்திருந்தது. அவள் பார்த்தது அதை அல்ல. சுற்றிலும் மணல், ஃபர் மரக் கிளை போல நடுவிலிருந்து இருபுறமும் சாய்ந்த கோடுகளாக வாரப்பட்டிருந்தது. அம்மாவின் வாரல். மகள்கள் இருவரின் கையை அம்மா பிடித்துச் சொல்லிக்கொடுத்தது. ஒரு நாள் வாரியதில் மணல் அப்படிப் படியாது. வாரம் தவறாமல், பல வருஷம் வார வேண்டும்.

ஹெர்மினே கோடுகளின் மேல் காலை வைத்து நடந்தாள். கல்லுக்கு முன்னால் நின்றாள். திரும்பி வருகிறவர்கள் பின்னோக்கி நடந்து தங்கள் காலடிகளை வாரி அழித்துவிட்டு வருவதுதான் அங்கே வழக்கம். சீப்புக்கட்டை அவள் தோளிலேயே இருந்தது. அதை அவள் இறக்கவில்லை.

ஹெர்மினே அப்பாவின் கல்லறைச் செடியை வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டாள் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. பிடுங்கவில்லை. செடி அங்கேதான் இருக்கிறது. மணல்தான் கலைந்திருந்தது, அதுவும் கல்வரை போய்த் திரும்பிய ஒருத்தியின் காலடி அளவுக்கு.