அடுத்தவர் வாய்க்கு

தம்பி கிளமென்ட் சவப்பெட்டியின் மேல் வைக்கப்போன மலர்வளையத்தைப் பிடுங்கி எப்சிபா முற்றத்தில் எறிந்தாள். அது உருண்டுபோய்ப் பந்தல்காலில் மோதிச் சாய்ந்தது. 'சபையார்' என்று பொன்னெழுத்தில் எழுதிய ரிப்பன் மண்ணில் புரண்டது.

"ஒங்க சபைக்காரவிய பூ ஒண்ணும் எந்தங்கச்சிக்கு வேண்டாம். எடுத்துட்டுப் போலே."

"எக்கா, ஆளுக பாக்காவ. பைய பேசு."

"பாக்கட்டும். போன வருசம் இவளை சண்டே ஸ்கூல்லருந்து வெரட்டும்போதும் பாத்துக்கிட்டுத்தான இருந்தாவ?"

பெட்டிக்குள் ஜெமிமா கிடந்தாள். சாகிற வயசா அது? மூன்று பேரில் கடைசிப் பிறப்பு. நேற்றுச் சாயங்காலம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கொடியடியில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. மில்லிலிருந்து ஓடிவந்த அவள் புருஷன் சாலமோன் உட்கார்ந்த நாற்காலியை விட்டு இன்னும் அசையவில்லை. ஆக, அழுவதற்கும் சண்டை போடுவதற்கும் மூத்தவள் எப்சிபா ஒருத்திதான். உடன்குடியில் பஸ் ஏறியதிலிருந்து அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

கமிட்டித் தேர்தல் என்று ஒன்று வந்து அந்த ஊர்ச் சபையை இரண்டாக்கியிருந்தது. ஜெயித்தவர்கள் கோயிலுக்குள் இருந்தார்கள். தோற்றவர்கள் ஆற்றுச் சாலையில் தகரக் கொட்டகை போட்டு ஜெபம் நடத்தினார்கள். ஜெயித்த பக்கத்துக்குச் செயலாளர் கிளமென்ட். கொட்டகைக்காரர் பிள்ளைகளை ஞாயிறு பள்ளியில் சேர்க்கக் கூடாது என்று கமிட்டி சொன்னபோது, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த ஜெமிமா, அஞ்சு வயதுப் பிள்ளைக்கு ஏது கட்சி என்று கேட்டாள். அவ்வளவுதான், வகுப்பறைச் சாவியைப் பறித்துக்கொண்டார்கள். பறிக்க வந்தவன் வேறு யாருமில்லை, கூடப்பிறந்த அண்ணன் கிளமென்ட். அன்பைப் பற்றிய வசனத்தை வாசலில் கல்லில் வெட்டி வைத்திருக்கிற கோயில் அது!

மறுவாரமே ஜெமிமா வீட்டுப் பின்முற்றத்தில் பாய் விரித்தாள். பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஏசினார்கள். பிள்ளைகள் இரண்டு பக்கத்திலிருந்தும் வேலியில் நுழைந்து வந்தார்கள். பாடம் முடிந்தால் ஆளுக்கொரு கருப்பட்டி மிட்டாய். ஆனால் தன் கையில் இருப்பதைத் தான் தின்னக் கூடாது, அடுத்தவர் வாயில் வைக்க வேண்டும். யாரோடு சண்டையோ அவர் வாயில்தான் முதலில்.

"இது என்னட்டி எச்சிக்கைப் பாடம்?" என்று எப்சிபா போனில் சிரித்திருக்கிறாள்.

"நீயும் ஒருநா வந்து உக்காருக்கா. ஒனக்குத்தான் மொதல்ல வேணும்."

இப்போது கிளமென்ட் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தான். "நாலு மணிக்குக் கோயிலுக்குத் தூக்கிருவோம். அடக்க ஆராதனைக்குப் பாதிரி ஐயரு ஒத்துக்கிட்டாரு. மணி அடிக்கவும் சொல்லியாச்சு. ஆனா அந்தக் கொட்டகைப் பிள்ளைகள மட்டும் உள்ள ஏத்த முடியாதுக்கா. கமிட்டி முடிவு."

"அந்தப் பிள்ளைக இல்லாம இவ அந்த வாசப்படி மிதிக்க மாட்டா."

"அவ எங்கக்கா மிதிக்கா? நாமதான தூக்கிட்டு..." என்று ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

அந்நேரம் பின்முற்றத்தில் பேச்சுச் சத்தம் கேட்டது. எப்சிபா போனாள். கிளமென்ட் பின்னாலேயே வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அல்லவா? பிள்ளைகள் வழக்கம்போல வந்துவிட்டார்கள். யாரும் அவர்களிடம் சொல்லவில்லையோ, சொன்னது விளங்கவில்லையோ. ஜெமிமா நேற்றுப் போட்ட துணிகள் கொடியில் அப்படியே தொங்கின. அதற்குக் கீழே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கெத்சி என்கிற கொட்டகைப் பக்கத்துச் சிறுமி சமையல்கட்டுப் பலகையிலிருந்த மிட்டாய் டப்பாவை எடுத்துவந்து பங்கு வைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு பிள்ளே ஒன்ன எடுக்கச் சொன்னது?" என்றாள் எப்சிபா.

"டீச்சருக்கு ஒடம்பு சரியில்லாட்டா நாந்தான் குடுக்கணும்னு சொல்லிருக்காவ."

சொல்லிவிட்டு எப்சிபா கையில் ஒரு மிட்டாயும் கிளமென்ட் கையில் ஒரு மிட்டாயும் வைத்தாள். கிளமென்ட்டின் பேரன் கொட்டகைக்காரர் பையன் ஒருவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தான். பாகு இருவர் மோவாயிலும் வழிந்தது.

"நீங்க ரெண்டு பேருந்தான சண்டை போட்டிய? இப்ப நீங்க," என்றாள் கெத்சி. பிள்ளைகள் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

கிளமென்ட்டின் கை மெல்ல மேலே வந்தது. அவள் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. எப்சிபா பல்லைக் கடித்துக்கொண்டாள். இந்தக் கைதானே சாவியைப் பறித்தது? அவள் திரும்பிக்கொண்டாள்.

"எந்திரிங்க பிள்ளைகளா. டீச்சரை நாமதான் கொண்டுபோறோம்."

பெட்டி கோயிலுக்குள் போகவில்லை. கதவு திறந்திருந்தது, துக்கமணி அடித்துக்கொண்டிருந்தது, வெள்ளை அங்கியோடு ஐயர் வாசலில் நின்றார். இருபக்கப் பிள்ளைகளும் முன்னால் நடக்க, பெட்டி அவரைத் தாண்டி நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போனது. "அக்கா, நில்லு," என்று பின்னாலிருந்து கிளமென்ட் ஒரு தரம் கூப்பிட்டான். அவள் நிற்கவில்லை. சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த ஐயர் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகச் சேர்ந்துகொண்டார்.

ஜெபம் முடிந்து, பெட்டியை இறக்கி, மண் போடச் சொன்னார்கள். அப்போதுதான் எப்சிபா தன் வலதுகையை விரித்தாள். மிட்டாய் உள்ளங்கையில் கூழாகியிருந்தது. அந்தக் கையாலேயே மண்ணை அள்ளிக் குழிக்குள் விட்டாள். பாதிதான் விழுந்தது. உதறினாள், மீதி கையைவிட்டுப் போகவில்லை.

நிமிர்ந்தாள். குழிக்கு அந்தப் பக்கம் கிளமென்ட்டும் மண் ஒட்டிய கையை நீட்டி உதறிக்கொண்டு நின்றான்.