இடது பிரேக், சரி

முன்னறையில் கிடத்தியிருந்த கணவனின் உடலில் அவள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது முதலாளி உள்ளே வந்தார். விமானப் பயிற்சிப் பள்ளியின் முதலாளி. நேற்றுக் காலை அவருடைய சின்ன விமானத்தைத்தான் அவன் இறக்கினான். தரையைத் தொட்டதும் இடது பிரேக் இறுகி, விமானம் ஓடுதளத்தைத் தாண்டிப் புரண்டது.

"மனசத் தேத்திக்கம்மா" என்றவர், மூச்சுவிடாமல் கேட்டார்: "அவரோட பை எங்க இருக்கு?"

துக்கம் விசாரிக்க வந்த மனுஷனுக்குப் பை எதற்கு? அவளுக்கு மூக்கில் வியர்த்தது. படுக்கையறைக்குள் போய்த் தாழிட்டாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பைக்குள் சோதனை நோட்டு இருந்தது. விமானம் கிளம்புமுன் மெக்கானிக் பார்த்துக் கையெழுத்திடுகிற நோட்டு. நேற்றைய பக்கத்தில், 'இடது பிரேக், சரி.' கீழே மெக்கானிக்கின் கையெழுத்து.

பாவி! அதனால்தான் அந்த மெக்கானிக் உள்ளே வராமல் வாசலோடு நிற்கிறானா? அறையின் பின்கதவு வழியாக அவனை உள்ளே கூப்பிட்டாள்.

"நேத்து பிரேக்கப் பாத்தியா?"

"இல்ல அண்ணி. நான் வர்றதுக்குள்ள அண்ணன் கிளம்பிட்டாரு."

"அப்ப இது யாரு கையெழுத்து?"

அவன் நோட்டைப் பார்க்கவேயில்லை. "நான் லேட்டாகுற அன்னிக்கெல்லாம் எனக்காக அண்ணன்தான் போடுவாரு. வேலை போயிரும்னு."

கடைசி எழுத்தின் வாலை மேலே சுழித்துவிடுவது யார் பழக்கம் என்று அவளுக்குத் தெரியாதா? பதினெட்டு வருஷக் குடித்தனம். ஊருக்கெல்லாம் நல்லவர்! அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"பிரேக்கப் பாத்துட்டுத்தான் போட்டாரா?"

"எப்பவும் பாப்பாரு அண்ணி. நேத்து... தெரியல."

முதலாளி கதவைத் தட்டினார். திறந்ததும் அவர் கண் நோட்டின்மீது போயிற்று. வாங்கிப் புரட்டியவர் முகம் தெளிந்தது.

"இவன் கையெழுத்துதானம்மா? விசாரணைக்கு வர்றவங்க கேப்பாங்க. இவனையே காட்டிரலாம்."

மெக்கானிக் தலை நிமிரவில்லை. மறுக்கவுமில்லை. அவள் ஆமாம் என்று தலையாட்டினால் போதும், கணவன் பெயர் தப்பிவிடும்.

"இல்ல. அது என் வீட்டுக்காரர் எழுத்து."

"யோசிச்சுச் சொல்லும்மா. அப்புறம் பழி பூரா அவர் தலையிலதான் விழும்."

"தெரியும்."

அவள் முன்னறைக்கு வந்தாள். கணவனின் வலது கை போர்வைக்கு வெளியே கிடந்தது. அதை எடுத்து உள்ளே வைத்து மூடினாள்.