உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் வந்து இறங்கிய ஊர்

ஆடித் தள்ளுபடி முடிந்த மறுநாள் காலை, தி. நகர் உஸ்மான் ரோட்டில் இருக்கும் ஜவுளிக்கடை ஒன்றின் பின்பக்க மனையில் செக் நாட்டுச் சிறுநகரம் ஒன்று வந்திருந்தது. கடை முதலாளி முத்துலட்சுமி அந்த மனையில் அடுக்குக் கார் நிறுத்துமிடம் கட்ட நினைத்து, பூமி பூஜைக்கு அன்றுதான் நாள் குறித்திருந்தாள். வந்த ஐயர் கேட்டைத் திறந்தார். கல் பாவிய பெரிய சதுக்கம், அதன் நடுவே உச்சியில் மாதா நிற்கும் உயரமான தூண், கவிழ்த்து வைத்த செம்பு போல மண்டை வீங்கிய கோபுரத்தோடு ஒரு தேவாலயம், எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, செங்கல்லை எங்கே வைப்பது என்று கேட்டார். முத்துலட்சுமி எட்டிப் பார்த்தாள். இவ்வளவு அகலமான இடத்தை ஊர் நடுவில் சும்மா போட்டு வைத்திருக்கிறார்களே, புத்தி கெட்டவர்கள் என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அந்த அபிப்பிராயத்தை அவள் பிறகும் மாற்றிக்கொள்ளவில்லை.

மனை வெளியிலிருந்து அளந்தால் நான்கு கிரவுண்டு. காலையில் சங்கிலியோடு உள்ளே போன மாநகராட்சி சர்வேயர் பொழுது சாயும்போது முழங்கால் வரை சேறோடு திரும்பி, மேற்கு எல்லை இன்னும் கிடைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார். ஊரின் பெயர் வ்ர்பொலூக்கி. வாயில் அதற்கு இடமில்லாததால் கடை ஊழியர்கள் அதை விருப்பாலூர் ஆக்கினார்கள். கடையின் சரக்கு லிஃப்டுக்கு அடியிலிருந்து ஓர் ஆறு புறப்பட்டு, கிளைகளைத் தண்ணீரில் போட்டுக்கொண்டு நின்ற மரங்களுக்கிடையே வளைந்து, மூடிக் கிடந்த பஞ்சாலையையும் மூடாத பீர் ஆலையையும் சுற்றிக்கொண்டு, பின்பக்க அடுக்ககத்தின் காம்பவுண்டுச் சுவரில் போய் முட்டி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் ஈரம்கூடக் கசியவில்லை என்று அடுக்ககச் சங்கத்தார் நேரில் வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். கார்த்திகை பிறந்தால் மாசி வரை பனி கொட்டியது. மனைக்குள் மட்டும்தான். கடையின் பின்பக்கத் தளங்களில் ஏசியை நிறுத்தச் சொன்னாள் முத்துலட்சுமி. அந்த ஊரால் விளைந்த ஒரே உபயோகம் அதுதான் என்றாள்.

ஊரின் சரித்திரத்தை அவளுக்குச் சொன்னவர் அச்யுத். மயிலாப்பூர்க்காரர்; கதர் ஜிப்பாவும் காலுக்கு விலை உயர்ந்த செருப்புமாக, ஞாயிற்றுக்கிழமைகளில் அடையாறு ஜனங்களைத் திரட்டிக்கொண்டு பழைய கட்டடங்களைக் காட்டி நடத்திச் செல்பவர். விருப்பாலூர் வந்ததும் அவர் கபாலீஸ்வரர் கோயில் மாட வீதிகளைக் கைவிட்டார். எவனோ ஒரு ராஜா எழுநூறு வருஷத்துக்கு முன் சந்தை கூட்டும் உரிமை கொடுத்தான், வெள்ளிச் சுரங்கத்தால் ஊர் செழித்தது, பிறகு வெள்ளி தீர்ந்தது என்று அவர் உருகினார். நிலத்துக்காரி என்ற முறையில் கூட்டத்தின் பின்னால் நின்று கேட்ட முத்துலட்சுமிக்குச் சகிக்கவில்லை. கிணறு வற்றியதும் சாத்தான்குளத்திலிருந்து ரயிலேறிய குடும்பம் அவளுடையது. வெள்ளி தீர்ந்த பிறகும் அதே குழிக்கு மேல் உட்கார்ந்திருந்தவர்களை என்னவென்று சொல்வது. பிளேக்கில் பாதி ஊர் செத்தது, மிஞ்சியவர்கள் நன்றியாக அந்தத் தூணை நட்டார்கள் என்று அச்யுத் கண் கலங்கியபோது, சாக்கடைக்கு மூடி போட்டார்களா என்று கேட்டாள். குன்றின்மேல் ஒரு கோட்டை பாதி இடிந்து நின்றது. ஸ்வீடன் நாட்டுப் படை இடித்ததாம். அதற்கப்புறம் இத்தனை நூற்றாண்டில் ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசத் தோன்றவில்லை. இடிந்ததைப் பார்க்க வருகிறவர்களிடம் சீட்டுக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஊர்க்காரர்களுக்கும் தி. நகர் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. ஜன்னல்களில் ஜெரேனியத் தொட்டி வைத்து, சனிக்கிழமை மத்தியானத்தோடு கடைகளைச் சாத்திவிட்டு, திங்கட்கிழமை வரை வெளியே தலைகாட்டாமல் இருந்தார்கள். சனி ஞாயிறு கடை சாத்துகிறவனை வியாபாரி என்று எண்ண முத்துலட்சுமியால் முடியவில்லை. அவர்கள் நெய்த லினன் துணியை ஒருமுறை இரு விரலால் கசக்கிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். தமிழை அவர்கள் அவளுடைய கடையின் ஒலிபெருக்கியிலிருந்து கற்றார்கள். அங்கே கேட்ட தமிழைத் தவிர வேறு தமிழ் அவர்களுக்குத் தெரியாது. பால் வாங்க வருகிற கிழவிகள்கூட, வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு என்று தொடங்கித்தான் அரை லிட்டர் கேட்டார்கள்.

அவள் வழக்குப் போட்டாள். அவளிடம் கிரயப் பத்திரம் இருந்தது. ஊரிடம் ராஜ முத்திரை இருந்தது. எது முந்தியது, எது செல்லும் என்பதில் வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக நான்கு வருஷம் போயிற்று. அதற்குள் மாநகராட்சி வழக்கம்போலக் குப்பை வண்டியை உள்ளே அனுப்பத் தொடங்கியது. மின்வாரியம் தேவாலயத்துக்கு மீட்டர் வைத்தது. முத்துலட்சுமியின் கணவர் முத்துகிருஷ்ணன், கல்லாவைத் தவிர வேறொன்றும் அறியாத மனிதர், சாயங்காலங்களில் ஆற்றங்கரைப் பெஞ்சில் போய் உட்காரும் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டார். "வாத்துக்குப் பொரி போடத்தான் மெட்ராஸ் வந்தீயளா?" என்று கேட்டாள் அவள். அவர் மறுநாளும் பொரிப் பொட்டலத்தோடு போனார்.

நான்காம் வருஷம் ஐப்பசியில் ஒருநாள் அவளே உள்ளே போக நேர்ந்தது. தேவாலய மணி உச்சிவேளையில் விடாமல் அடித்ததில் பட்டுப் பிரிவில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. விருப்பாலூர் மேயரை நாலு கேள்வி கேட்கலாம் என்று கிளம்பினாள். சதுக்கத்தைத் தாண்டியதும் வழி தப்பி, ஆற்றை ஒட்டிய ஒடுக்கமான தெரு ஒன்றில் போய் நின்றாள். அங்கே பூத்தொட்டி இல்லை. ஜன்னல்களில் பலகை அடித்திருந்தது, கதவுகளில் துருப்பிடித்த பூட்டுத் தொங்கியது. ஒவ்வொரு வாசலிலும் வலப்பக்க நிலைக்காலில் விரல் நீளத்துக்குச் சாய்வாக ஒரு வடு. ஏதோ ஒன்றைப் பெயர்த்தெடுத்த இடம். அந்த மாதிரி வடுவை அவளுக்குத் தெரியும். மனையில் முன்பு வலியுல்லா காம்பவுண்ட் இருந்தது. வலியுல்லா என்ற ஜரிகை வியாபாரி அந்தக் காலத்தில் கட்டிவிட்ட ஓட்டு வீட்டு வரிசை. ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்கிற உருதுக் குடும்பங்கள் தலைமுறைகளாக அதில் குடியிருந்தன. வலியுல்லாவின் பேரர்கள் வெளிநாட்டிலிருந்தபடியே விற்றார்கள், முத்துலட்சுமி வாங்கினாள், குடும்பங்கள் பெரும்பாக்கம் பக்கம் போயின. போகும்போது நிலைப்படிக்கு மேல் அடித்திருந்த 786 தகடுகளை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு போனார்கள். பிடுங்கிய இடத்தில் மரம் வெளுத்திருந்தது. புல்டோசர் வருகிற வரை அந்த வெளுப்பை அவள் தினமும் கடைக் கொல்லையிலிருந்து பார்த்திருக்கிறாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அச்யுத்தை நிறுத்தி அந்தத் தெருவைப் பற்றிக் கேட்டாள்.

"அது கொஞ்சம் சிக்கலான சரித்திரம், மேடம். யூதாள் இருந்த தெரு. வாசக்கால்ல வேத வசனம் வச்ச சின்னக் குப்பி பதிச்சிருப்பாளே, அவா. யுத்தத்துல ஒரே நாள்ல ரயில்ல ஏத்தி அனுப்பிட்டா, யாரும் திரும்பி வரல்லை. நாங்க அந்தப் பக்கம் கூட்டிண்டு போறதில்லை. போட்டோவுக்கு வெளிச்சம் சரியா விழாது" என்றார் அவர்.

முத்துலட்சுமி அவருடைய செருப்பைப் பார்த்தாள், ஜிப்பாவைப் பார்த்தாள், கடைக்குத் திரும்பிவிட்டாள்.

ஹாஜிரா பீ வந்தது அந்தக் கார்த்திகையில், முதல் பனி விழுந்த அன்று. காம்பவுண்டின் பழைய குடித்தனக்காரி. ஐம்பதைத் தாண்டியவள், ஆரி வேலையில் தி. நகர் முழுக்கப் பேர் வாங்கியவள், வாய்க்கும் அதே அளவு பேர் உண்டு. பெரும்பாக்கத்திலிருந்து ரவிக்கையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்து போவதில் சலித்துப்போய், மகன் ஆதிலையும் மருமகள் ஜுவேரியாவையும் பழைய அண்டை வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு, துணி கட்டும் மரச்சட்டங்களை ஷேர் ஆட்டோக்களின் தலையில் ஏற்றி வந்து இறங்கினாள். காவலாளி இசக்கிமுத்து யாரைப் பார்க்க வேண்டும் என்று விசாரித்தார்.

"யாரப் பாக்கணும்? எங்க வூட்டுக்குப் போய்க்கினு கீறேன். நீ இன்னா, புச்சா?" என்றாள் அவள்.

சதுக்கத்தை ஒரு பார்வை பார்த்தாள், தூணைப் பார்த்தாள், மூக்கைச் சுளித்தாள். யாரிடமும் வழி கேட்காமல் நேரே ஆற்றங்கரைத் தெருவுக்குப் போனாள். அந்தப் பூட்டுகளை எண்பது வருஷமாக ஊர்க் கொல்லர்கள் அறுத்தும் காய்ச்சியும் திறக்க முடியாமல் விட்டிருந்தார்கள். ஹாஜிரா பீ பிஸ்மில்லா சொல்லித் தோளால் ஒரு தள்ளுத் தள்ளினாள், கதவு திறந்துகொண்டது. முன்கூடத்து மேசையில் யாரோ சாப்பிட உட்காரப் போவதுபோலத் தட்டுகள் வைத்தபடி இருந்தன, தூசிகூட இல்லாமல். கூடத்தைத் தாண்டினால் அவளுடைய பழைய சமையலறை, அதே பச்சைச் சுவர், அதே கரி படிந்த ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே உஸ்மான் ரோட்டு மேம்பாலம். மற்ற குடும்பங்களுக்கும் அப்படித்தான். முன்பு காம்பவுண்டில் யார் எந்த வரிசையில் இருந்தார்களோ அந்த வரிசையிலேயே கதவுகள் திறந்தன. ஹாஜிரா பீ தட்டுகளைக் கழுவித் துடைத்து மேல் அலமாரியில் அடுக்கினாள். ஜுவேரியா அதிலொன்றை எடுக்கப் போனபோது, அது நம்முடையதில்லை, வந்தால் கேட்பார்கள் என்று தடுத்துவிட்டாள். பிறகு கடைத்தெருவைச் சுற்றி வந்து, இவ்வளவு பெரிய ஊரில் ஒரு கிலோ சீரகச் சம்பா கிடைக்கவில்லை, இதைப் பார்க்கவா கூட்டம் கூட்டமாக வருகிறார்கள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

வாரம் திரும்புவதற்குள் மேயர், ஊர் வந்ததிலிருந்து முதல்முறையாக, முத்துலட்சுமியின் கடைக்குள் வந்தார். தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். அவரோடு ஒரு பத்திரமும் வந்தது.

"வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு. நமது ஆற்றங்கரைத் தெருவில் அன்னியர்கள் வருகை புரிந்துள்ளனர். நில உரிமையாளராகிய தாங்கள் கையொப்பமிட்டு அவர்களை அகற்றித் தருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்" என்றார்.

முத்துலட்சுமியின் வக்கீல் வெங்கடேஷ் பத்திரத்தைப் படித்து முடிப்பதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. அவளைத் தனியே அழைத்துப்போய், நில உரிமையாளர் என்று அவர்களே எழுதிவிட்டார்கள், மேயர் கையெழுத்தும் இருக்கிறது, நீங்கள் கையெழுத்துப் போட்ட அடுத்த வாய்தாவில் மனை உங்கள் கைக்கு வந்துவிடும் என்று விளக்கினார். ஊர் அதன் பாட்டுக்கு எங்கேயாவது போய்க்கொள்ளும். அவளுக்கு அது நன்றாகவே விளங்கியது. நான்கு வருஷமாக அவள் கேட்டது இதைத்தான். ஹாஜிரா பீயிடம் அவளுக்குப் பிரியம் எதுவும் கிடையாது. காலி செய்த அன்று கடை வாசலில் நின்று அவள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருந்தது. முத்துலட்சுமி பேனாவை வாங்கினாள். வாங்கிக்கொண்டு மேயரிடம் கேட்டாள்.

"அந்த வீடுவள்ல முன்னால இருந்தவங்க எங்க போனாவ?"

மேயர் தொப்பியைச் சுற்றினார். ரயில் வந்தது என்றார். யார் ஏற்றிவிட்டார்கள் என்று கேட்டாள். அவர் சேலைகளைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார்.

"அவர்களே சென்றுவிட்டார்கள்" என்றார்.

கல்லாவில் முத்துகிருஷ்ணன் தலையைக் குனிந்துகொண்டார். காம்பவுண்ட் இடிந்தபோது விசாரிக்க வந்த பத்திரிகைக்காரரிடம் அவர் சொன்னது ஏறக்குறைய அதே வார்த்தைகள். முத்துலட்சுமி கணவரை ஒருமுறை பார்த்தாள், மேயரை ஒருமுறை பார்த்தாள். இரண்டு பார்வைக்கும் வித்தியாசம் இருக்கவில்லை.

"காலி பண்ண வச்சது நான். கேட்டா, நான்தான் பண்ண வச்சேன்னு சொல்லுவேன். உம்ம ஊருல அதச் சொல்லுததுக்கு ஒரு ஆளு கெடையாது. தூணு மட்டும் ஒசரமா வச்சிருக்கீரு" என்றாள். பத்திரத்தை நாலாக மடித்து மேயரின் தொப்பிக்குள் வைத்தாள். கையெழுத்துப் போடாமல்தான். இரக்கத்தால் செய்யவில்லை, யாராவது அப்படிச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். அந்த ஆளோடு ஒரே காகிதத்தில் தன் பெயர் இருக்கக் கூடாது என்று நினைத்தாள், அவ்வளவுதான். வெங்கடேஷ் அன்று சாப்பிடாமல் வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு வழக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. ஊர் வார்டு எல்லைக்குள் சேர்க்கப்பட்டது, வீட்டு வரி போட்டார்கள், பனிக்காலத்தில் மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர்கள் உப்பு மூட்டையோடு வந்து சதுக்கத்தைப் பெருக்கினார்கள். வெள்ளிக்கிழமைகளில் ஆற்றங்கரைத் தெருவில் பிரியாணி மணத்தது; ஒரு வருஷம் முறைத்துக்கொண்டிருந்த ஊர்க் கிழவிகள் அடுத்த வருஷம் பாத்திரத்தோடு வந்து வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்தைக் கோரினார்கள். அச்யுத் அந்தத் தெருவையும் தன் நடையில் சேர்த்துக்கொண்டார். வெளிச்சம் இப்போது பரவாயில்லை என்றார். முத்துகிருஷ்ணனின் வாத்துகள் பெருகின.

ஹாஜிரா பீ வந்த மூன்றாம் வருஷம் முத்துலட்சுமியின் மகள் சரண்யாவுக்குத் தை மாதத்தில் கல்யாணம் நிச்சயமாயிற்று. முகூர்த்த ரவிக்கைக்கு ஹாஜிரா பீ கைதான் வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். ஆளிடம் கொடுத்தனுப்பிய துணி திரும்பி வந்தது, வேண்டுமென்றால் முதலாளியம்மா நேரில் வரட்டும் என்ற சேதியோடு. மார்கழி பாதியில் ஒரு பிற்பகல், பட்டுத் துணிப் பையை இடுக்கிக்கொண்டு முத்துலட்சுமி ஆற்றங்கரைத் தெருவுக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

ஹாஜிரா பீ கதவைப் பாதி திறந்து, பையைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"அசர் தொழுவணும். முடிச்சிட்டு வரேன். நின்னுக்கினு இரு" என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

பனி கொட்டத் தொடங்கியது. முத்துலட்சுமி பையைச் சேலைக்குள் பொத்தி வைத்துக்கொண்டாள். எழுநூறு வருஷமாக இருக்கிறார்களாம், வாசலுக்கு மேல் ஒரு தகரம் போடத் தெரியவில்லையே இவனுவளுக்கு என்று நினைத்தபடி, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றாள்.