சூட்டில் ஊமையாகும் சென்சார்

தங்கைக்கு நிறைமாதம். வலி கண்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். முதல் குழந்தை ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் தவறிப்போயிருந்தது. இந்த முறை, டாக்சி ஓட்டும் அக்காவின் வண்டியைத் தவிர வேறெதிலும் ஏற மாட்டேன் என்று தங்கை ஒற்றைக்காலில் நின்றாள். அக்காவின் வண்டிக்கோ, நெரிசலில் சூடேறினால் நடுரோட்டில் உயிர் போய்விடும். கொஞ்ச நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும்.

மூன்று பட்டறைக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். எல்லாம் அக்கா வீட்டுக்காரர் செய்த வேலை. மனுஷன் மகா மானஸ்தர். அழுக்கு வண்டியைப் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினால் குடும்ப மானமே கப்பலேறிவிடுமாம். தேய்த்துக் குளிப்பாட்டி, ஈரம் உலர்ந்த பிறகுதான் ஓட்டிப்போவார். அங்கே அது பச்சைப்பிள்ளை போலச் சமர்த்தாக ஓடும்.

வெளியூரில் கார் எலக்ட்ரீஷியனாக இருக்கும் நாத்தனார் வந்து, விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏண்ணே, காய்ச்சல்காரனைப் பச்சைத்தண்ணில முக்கி எடுத்துட்டா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவ? அண்ணி, தலை காய வைக்கிற மெஷின் இருக்கா?"

ஹேர் டிரையர் வந்தது. ஓடிக்கொண்டிருந்த எஞ்சினில், கட்டைவிரல் அளவு சென்சார் ஒன்றின் மேல் சூடான காற்றைப் பிடித்தாள்.

"பிளக்ல எப்ப பொறி பறக்கணும்னு மாட்யூல்ங்கிற சின்னப் பெட்டிக்குச் சேதி சொல்றது இதுதான். சேதி வந்ததும் மாட்யூல், காயில்ங்கிற கம்பிச்சுருளுக்குப் போற கரண்டை வெட்டும். அப்படி வெட்டினாத்தான் காயில்ல ஆயிரக்கணக்கான வோல்ட் எகிறிப் பொறி பறக்கும். சூட்டுல இது வாயை மூடிக்கிச்சுன்னா..."

எஞ்சின் விக்கியது. நின்றது.

அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. வண்டி நின்றதற்காக அவள் சந்தோஷப்பட்டது அன்று மட்டும்தான். வீட்டுக்காரர் வண்டி கழுவும் வாளியைச் சத்தமில்லாமல் உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

புது சென்சார் மாட்டிய மறுவாரம், உச்சி வெயிலில் தங்கைக்கு வலி கண்டது. பாலத்தின் மேல் வண்டிகள் அசையவே இல்லை. சூட்டைக் காட்டும் முள் ஏறியது. பின்சீட்டில் தங்கை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அக்கா எஞ்சின் சத்தத்தையே உயிராகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி வாசல்வரை அது நிற்கவில்லை.

குழந்தையைக் கையில் வாங்கியதும் அக்கா நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"என்ன அண்ணி, வண்டி நின்னுடுச்சா?" பதறினாள் அவள்.

"இல்லம்மா. பொண்ணு பொறந்திருக்கா. நீ மகராசியா இருக்கணும்..." அக்கா குனிந்து குழந்தையைப் பார்த்தாள். "எனக்குப் பேச வரல. இந்தா, இவ சொல்றதைக் கேளு."

வீறிட்டு அழும் குழந்தையின் வாயருகே போனைப் பிடித்தாள்.