வெள்ளைத் திரையில் ஒரு புள்ளி

கறுப்புத் துணி தொங்கிய கூண்டுக்குள் அவள் உட்கார்ந்திருந்தாள். உருளைப் பாதையில் டிவிகள் ஒவ்வொன்றாக நகர்ந்து வந்து அவள் முன்னால் நின்றன. சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு. நிறங்கள் மாறி முடிவதற்குள், திரையில் ஊசிமுனை அளவு ஒரு புள்ளி எரியாமல் இருந்தாலும் அவள் பிடித்துவிட வேண்டும். பிடித்தால் சிவப்பு ஸ்டிக்கர், இல்லையென்றால் பச்சை. தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவள் 'கழுகு'. முதலாளியே வைத்த பெயர்.

அவர் அந்தப் பெயரை வைத்தபோது கம்பெனி ஒரு தகரக் கொட்டகை. அவரும் வேலையாட்களோடு தரையில் உட்கார்ந்து திருப்புளி பிடித்தார். பெரிய கம்பெனி டிவி வாங்க வக்கில்லாத வீடுகளிலெல்லாம் நம் டிவி ஓட வேண்டும் என்பார். ஓடியது. விலையைக் குறைக்கக் குறைக்க விற்பனை ஏறியது. டிவிக்குப் பின்னால் ஸ்பீக்கர் வந்தது, வாஷிங் மெஷின் வந்தது. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது லாரிகள் திரும்பின. முன்பெல்லாம் வெளுத்த துணியில் கறை தேடுவதுபோல மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்ப்பாள். இப்போது இமைப்பதற்குக்கூட நேரம் பார்க்க வேண்டியிருந்தது.

அன்று வெள்ளைத் திரையின் வலப்பக்க மேல்மூலையில் ஒரு புள்ளி. சிவப்பு ஒட்டினாள். அடுத்த டிவியிலும் அதே இடத்தில். அதற்கடுத்ததிலும். வந்திறங்கிய சரக்கே மோசம் என்று நினைத்துப் பொத்தானை அழுத்தி லைனை நிறுத்தினாள்.

சூப்பர்வைசர் ஓடிவந்தான். கொட்டகைக் காலத்தில் பெட்டி தூக்கியவன்.

"எங்கக்கா?"

"இந்தா, ஈ மாதிரி உக்காந்திருக்கு. தெரியல?"

அவன் துடைத்துப் பார்த்தான். குனிந்து பார்த்தான். பக்கத்துக் கூண்டிலிருந்த 'வாயாடி'யைக் கூப்பிட்டான். அவள் மூக்கு இடிக்கிற அளவுக்கு நெருங்கிப் பார்த்தாள்.

"ஒண்ணையும் காணோமே. கழுவி வெச்ச தட்டு மாதிரில்ல இருக்கு?"

கழுகு தொட்டுக் காட்ட விரலை நீட்டினாள். விரல் போன பக்கம் கண் போனது. கண் போன பக்கம் புள்ளியும் வழுக்கிக்கொண்டு போனது. விரல் அப்படியே நின்றது. புள்ளி திரையில் இல்லை, அவள் கண்ணில் இருந்தது.

"தூசிதான் போல. நீ தொடச்சதுல போயிடுச்சு" என்றாள்.

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கண் போனால் கூண்டு போகும். கணவன் இடுப்பு அடிபட்டு வீட்டோடு கிடந்தான். மகளின் நர்சிங் படிப்பு இன்னும் பாதியில் இருந்தது. இதெல்லாம் காரணம்தான். ஆனால் அதற்கும் அடியில் இன்னொன்று இருந்ததை அன்றிரவு பாத்திரம் துலக்கும்போது கண்டுகொண்டாள். வாழ்க்கையில் யாரும் அவளைப் புகழ்ந்தது அந்தப் பறவையின் பெயரால் மட்டும்தான். அதைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஒரு வழி பிடிபட்டது. புள்ளி தெரிந்தால் தலையை லேசாக ஆட்டுவாள். கூடவே நகர்ந்தால் அது அவளுடையது. அசையாமல் நின்றால் டிவியுடையது.

"என்னக்கா, வர்ற டிவிக்கெல்லாம் வேணாம் வேணாம்னு தலையாட்டுற? மாப்பிள்ளையா பாக்குற?" என்றாள் வாயாடி.

"கழுத்துப் பிடிப்புடி. ஒன் வேலையப் பாரு."

பெரிய திரை டிவி ஒன்றைக் கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்தபோது விளம்பரம் எடுக்கக் கேமராவோடு ஆட்கள் வந்தார்கள். பல வருஷம் கழித்து முதலாளி அவள் கூண்டுக்கு வந்தார்.

"இவங்கதான் எங்க கழுகு. விலை கம்மின்னா தரமும் கம்மின்னு பேசறவங்களுக்கு இந்தக் கண்ணக் காட்டுங்க."

சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள். ஓரமாக நின்ற சூப்பர்வைசர் சில நாளாகவே அவள் தலையாட்டலைக் கவனிப்பது நினைவுக்கு வந்தது. சொல்லிக்கொடுக்காத ஒன்றையும் சேர்த்துக்கொண்டாள்.

"இத்தன வருஷத்துல என் கண்ணுக்கு ஒரு குறையும் வந்ததில்ல."

முதலாளி கைதட்டினார்.

விளம்பரம் ஓடத் தொடங்கியபின் புள்ளி நிழலாயிற்று. ஒருநாள் இடது கண்ணின் ஓரத்தில் கறுப்பாக இறங்கியது. கூண்டுத் துணிதான் முகத்தில் விழுகிறதென்று கையால் ஒதுக்கினாள். கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை. விழித்திரை விட்டுப்போகிறது, அடுத்த கண்ணிலும் கிழிசல் இருக்கிறது, ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள் என்றார் டாக்டர்.

சூப்பர்வைசரிடம் போய் லீவும் கம்பெனியின் மருத்துவ உதவியும் கேட்டாள். அவன் அறைக் கதவைச் சாத்தினான்.

"எப்பலேர்ந்துக்கா இது?"

சொன்னாள்.

"அப்போ விளம்பரம் எடுத்தப்பவே..."

"ஆமா."

"அய்யோ அக்கா! ஊர் பூரா ஒங்க கண்ணுதான் ஓடுது. நீங்க பாஸ் பண்ண டிவிய எல்லாம் தூக்கிக்கிட்டு ஜனங்க வந்து நின்னா?"

"ஒண்ணகூட தப்பா விடல. தலைய ஆட்டி ஆட்டிப் பாத்துத்தான் விட்டேன்."

"இத வேற வெளிய சொல்லிடாதீங்க!"

மாடியில் இருந்த ஆபீசுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தான்.

"உதவி குடுத்தா என்ன வியாதி, எப்ப வந்துச்சுன்னு எழுதணுமாம். அத எழுத முடியாதுங்கறாங்க. வீட்டுக் காரணம்னு எழுதிக் குடுத்துட்டு நீங்களே வேலைய விட்டு நின்னுடுங்கக்கா. தகராறு பண்ணா, குறையில்லன்னு சொன்னது நீங்கதானேன்னு படத்தப் போட்டுக் காட்டுவாங்க."

"முதலாளி என்ன சொன்னாரு?"

"ரொம்ப வருத்தப்பட்டாரு."

"என்னப் பாக்கணும்னாரா?"

அவன் மேசையில் அழுக்கே இல்லாத இடத்தைத் துடைத்தான்.

கோபப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. எங்கிருந்து தொடங்குவது என்று உள்ளே தேடினாள். துழாவிய இடத்திலெல்லாம் அவளுடைய பொய்யே முதலில் கையில் பட்டது.

"பேனாவக் குடு" என்றாள். எழுதிவிட்டு, "அந்த விளம்பரத்த நிறுத்திடுவீங்கல்ல?" என்று கேட்டாள்.

"அதெப்படிக்கா? இப்பத்தான் பிச்சிக்கிட்டுப் போகுது."

இலவச ஆஸ்பத்திரியில் அவள் முறை வருவதற்குள் இடது கண் போய்விட்டது. வலது கண்ணுக்குக் கட்டுப் போட்டு வெளிக்கூடத்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சுவரில் மாட்டியிருந்த டிவியிலிருந்து திடீரென்று அவள் குரலே கேட்டது.

பக்கத்தில் இருந்த அம்மாள் ஒற்றைக் கண்ணால் அண்ணாந்து பார்த்து, அவளை முழங்கையால் இடித்தாள்.

"இந்தப் பொம்பளையோட கண்ணப் பாத்தியாம்மா? மகராசி, குடுத்து வெச்சவ!"

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவள் மகளின் மணிக்கட்டை இறுக்கினாள்.

"ஆமாம்மா" என்றாள்.

திரையில் அந்தக் கண் முழு அகலத்துக்கு விரிந்து, வரிசையாக உட்கார்ந்திருந்த கட்டுப்போட்ட முகங்களை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.